சொற்களின் பிறப்பும் மொழிகளின் உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் சொல்லாராய்ச்சிக்கு ஆர்வலர் என்றுமே குறைந்ததில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சியை எந்த முறையில் செய்ய வேண்டும் என்பது பற்றிய விளக்கம் அந்த ஆர்வத்தின் அளவுக்குப் பரவவில்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, இரண்டு மொழிகள் உறவுடையவையா, தமிழின் தொன்மையை எப்படி அளப்பது என்று திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு, இன்று உறுதியாகத் தெரிந்தவற்றைக் கொண்டு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

சொற்பிறப்பியலும் வரலாற்று மொழியியலும் ஒன்றுதானா?

இல்லை. ஒரு மொழி காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதை ஒலி, சொல், இலக்கணம், பொருள் ஆகிய எல்லா நிலைகளிலும் ஆராய்வது வரலாற்று மொழியியல். அதன் ஒரு கிளையான சொற்பிறப்பியல் தனித்தனிச் சொற்களின் வரலாற்றைத் தேடுகிறது. கிளையை மட்டும் பற்றிக்கொண்டு மரத்தை விட்டுவிடுவதால்தான் பல பிழைகள் நேர்கின்றன. ஒரு மொழியின் ஒலிகள் எந்த ஒழுங்கில் மாறின என்று அறியாமல் அதன் ஒரு சொல்லுக்கு மட்டும் வேர் சொல்லிவிட முடியாது.

இரண்டு மொழிச் சொற்கள் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருந்தால், அவை உறவுடையவை என்று கொள்ளலாம் அல்லவா?

கொள்ளக் கூடாது. இந்தத் துறையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். கற்றுக்கொள்ளக் கடினமானதும் இதுதான், ஏனெனில் கண்ணுக்கும் காதுக்கும் நேரே தெரியும் ஒற்றுமையை நம்பாதே என்று இது சொல்கிறது.

தமிழின் ‘எட்டு’, ஆங்கிலத்தின் ‘எய்ட்’ ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். பொருள் ஒன்று, ஒலியும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் இரண்டையும் அவற்றின் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோனால் ஒற்றுமை கலைந்துவிடுகிறது. எண்பது, எண்ணூறு என்னும் சொற்களில் தமிழே காட்டுவது போல, நம் சொல்லின் அடி ‘எண்’ என்பதாகும். கன்னடத்தில் அது ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. மூக்கொலி எங்கும் தங்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவமோ ‘எயஹ்ட’. அதன் உறவினர் ஜெர்மன் ‘ஆஹ்ட்’, இலத்தீன் ‘ஒக்தோ’, கிரேக்க ‘ஒக்தோ’, வடமொழி ‘அஷ்ட’. அங்கே அடிப்படையாக இருந்தது ககர வகை ஒலி. மூக்கொலியின் சுவடே இல்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல இவை நெருங்கியிருந்தால் உறவு உண்டு எனலாம். இவையோ விலகுகின்றன.

நீர் என்பதற்கு இன்றைய கிரேக்கத்தில் ‘நெரோ’ என்கிறார்கள். இதைக் காட்டித் தமிழும் கிரேக்கமும் உறவு என்று சொல்வோர் பலர். பண்டைக் கிரேக்கத்தில் தண்ணீருக்குச் சொல் ‘ஹுதோர்’. புதிய நீர் என்னும் பொருளில் ‘நெயரோன் ஹுதோர்’ என்று வழங்கி, பின்னர் பெயரடை மட்டும் எஞ்சி ‘நெரோ’ ஆயிற்று. அதாவது, அந்தச் சொல்லின் அடிப்பொருள் ‘புதியது’ என்பதே. நம் நீரோடு அதற்குத் தொடர்பில்லை.

இவ்வகை எடுத்துக்காட்டுகளில் மிகப் புகழ்பெற்றது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் வழங்கிய ம்பபரம் என்னும் மொழியில் உள்ளது. அந்த மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய சொல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அண்டை மொழிகளில் நாயைக் குறிக்கும் சொல் ‘குடக’. ம்பபரத்தில் சொல்லின் முதல் அசையும் இறுதி உயிரும் வீழ்ந்தது வேறு பல சொற்களிலும் காணப்படும் ஒழுங்கான மாற்றம். அதன் விளைவே ‘டாக்’. பல்லாயிரம் மைல் தொலைவில், எந்தத் தொடர்பும் இன்றி, இரண்டு மக்கள் கூட்டத்தார் ஒரே ஒலியை ஒரே விலங்குக்கு இட்டிருக்கிறார்கள். மொழிகள் பயன்படுத்தும் ஒலிகள் சில பத்து, சொற்களோ பல்லாயிரம். எந்த இரண்டு மொழிகளை ஒப்பிட்டாலும் இப்படிச் சில தற்செயல் ஒற்றுமைகள் கிடைத்தே தீரும்.

அப்படியானால் உறவை எப்படித்தான் நிறுவுவது?

ஒற்றுமையைக் கொண்டு நிறுவுவதில்லை. ஒழுங்கைக் கொண்டு நிறுவுகிறார்கள். ஒரு மொழியில் ஓர் ஒலி வரும் இடங்களிலெல்லாம் இன்னொரு மொழியில் வேறோர் ஒலி தவறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஒலியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

தமிழில் பால், பல், பத்து, புலி, பன்றி, பாம்பு. கன்னடத்தில் இவை முறையே ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி, ஹந்தி, ஹாவு. தமிழின் சொல்முதல் பகரத்துக்கு எதிரே கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது. ஒரு சொல்லில் அல்ல, வரிசை வரிசையாக நிற்கிறது. கன்னடக் கல்வெட்டுகளையும் பழைய இலக்கியத்தையும் புரட்டினால் இவை பகரத்தோடுதான் இருந்தன என்பதும், ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் படிப்படியாக ஹகரமாக மாறின என்பதும் எழுத்துச் சான்றாகவே கிடைக்கின்றன. ழகரத்தைப் பாருங்கள்: ஏழு, கோழி என்னும் சொற்கள் தெலுங்கில் ஏடு, கோடி என்றும், கன்னடத்தில் ஏளு, கோளி என்றும் வழங்குகின்றன. பழங்கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது.

இதைவிட நுட்பமான ஒன்றையும் காட்ட விரும்புகிறேன். தமிழில் செவி, சேரி, செய் என்பவை கன்னடத்தில் கிவி, கேரி, கெய் என்று ககரத்தோடு வருகின்றன. இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று என்பது விதி. இதை அண்ணவொலியாதல் என்பர். அப்படியானால் கெடு, கிளி, கிழங்கு ஆகியவை ஏன் செடு, சிளி, சிழங்கு ஆகவில்லை? இவற்றில் உயிரை அடுத்து வருவது நாவை மடித்து ஒலிக்கும் ட, ள, ழ போன்ற மெய். நா பின்னோக்கி மடங்குவதால் முன்னண்ணத்தை நோக்கிய மாற்றம் தடைப்பட்டது. தெலுங்கில் அந்தத் தடை செயற்படவில்லை. எனவே அங்கே கெடு என்பது ‘செடு’ ஆயிற்று. கிளிக்கு இனமான சொல் ‘சிலுக’ ஆயிற்று. விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்குக் காரணம், பக்கத்து மொழியில் அக்காரணம் இல்லாதபோது நேர்வது என நான்கும் பொருந்தி நிற்கும் இடம் இது. தற்செயலால் இப்படி நேராது.

மக்கள் தம் விருப்பம்போல் பேசுகிறார்கள். ஒலிமாற்றம் விதிக்கு உட்படும் என்பது எப்படி?

நம் நாவிலேயே சோதித்துப் பார்க்கலாம். பேச்சுத் தமிழில் படித்து என்பது ‘படிச்சு’ ஆகிறது; தெரிந்து என்பது ‘தெரிஞ்சு’; காய்ந்து என்பது ‘காஞ்சு’. ஆனால் நடந்து என்பதை யாரும் ‘நடஞ்சு’ என்பதில்லை. கொடுத்து என்பதைக் ‘கொடுச்சு’ என்பதில்லை. வினையெச்சத்தின் தகரம், அதற்கு முன்னால் இ, ஐ, ய் ஆகியவற்றுள் ஒன்று நிற்கும்போது மட்டுமே சகரமாகிறது. இந்த விதியை எந்தப் பள்ளியிலும் யாரும் கற்பிக்கவில்லை. எழுத்தறியாதவரும் பிழையின்றிப் பின்பற்றுகிறார்.

இப்போது ‘நெனச்சு’ என்னும் வடிவத்தைக் கவனியுங்கள். சகரத்துக்கு முன்னால் இருப்பது வெறும் அகரம். விதிப்படி இது ‘நெனத்து’ என்றல்லவா இருக்க வேண்டும்? எழுத்து வடிவமான நினைத்து என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அங்கே ஐகாரம் இருந்தது. அது முதலில் தகரத்தைச் சகரமாக்கியது. அதன்பின் அந்த ஐகாரமே அகரமாய்த் தேய்ந்துவிட்டது. தமிழ் எழுத்து வடிவமே இல்லாமற் போயிருந்தாலும், ‘நெனச்சு’ என்பதில் உள்ள சகரத்தைக் கொண்டு, இங்கே ஒரு காலத்தில் இ அல்லது ஐ போன்ற ஓர் ஒலி இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் கணித்துவிட முடியும். இரண்டு மாற்றங்களில் எது முந்தியது என்பதும் இதனால் தெரிகிறது.

இதே வகைக் கணிப்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிஸ் மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் தெ சொசூர், ஆங்கிலம், இலத்தீன், கிரேக்கம், வடமொழி முதலியவை அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் செய்தார். தெரிந்த எந்த மொழியிலும் நேரடியாகக் காணப்படாத சில ஒலிகள் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று, அவை விட்டுச்சென்ற விளைவுகளை மட்டும் வைத்து, தம் 21ஆம் அகவையில் எழுதினார். 1915இல், அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கி மறைந்ததுமான ஹிட்டைட் மொழியின் களிமண் பலகைகள் படித்தறியப்பட்டன. 1927இல் போலந்து மொழியியலாளர் யெர்ஸி குரிவோவிச், சொசூர் ஒலி இருக்கும் என்று சொன்ன இடங்களில் அந்த மொழி ஓர் ஒலியை எழுதிவைத்திருப்பதைக் காட்டினார். இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம், இத்துறையை வெறும் ஊகம் என்று ஒதுக்குவோரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று முதலில் கண்டவர் கால்டுவெல்தானே?

அவருக்கு 40 ஆண்டுகள் முன்பே அதை நிறுவியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னை மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த அவர், 1816இல் வெளிவந்த கேம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை அடுத்தடுத்து நிறுத்தி, இவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடையவை என்று காட்டினார். மலையாளம், துளு, குடகு மொழி ஆகியவற்றோடு வடக்கே இராஜ்மகால் மலையில் வழங்கும் மால்டோவையும் அவர் இக்குடும்பத்தில் சேர்த்தார். 1819இல் அவர் இறந்துவிட்டதால் அந்த முயற்சி தொடரவில்லை.

இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணமே இக்குடும்பத்தை உலகறியச் செய்தது. 1875இல் விரிவான இரண்டாம் பதிப்பும் வந்தது. கால்டுவெல்லின் புகழ் இதனால் குறையாது. எல்லிஸுக்கு உரியதை எல்லிஸுக்குத் தர வேண்டும், அவ்வளவே.

தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவையா?

தெலுங்கும் கன்னடமும் தமிழிலிருந்து பிறந்தவை அல்ல. எல்லாம் மூலத் திராவிடம் என்று அறிஞர் பெயரிட்டிருக்கும் ஒரு பழைய மொழியின் வழிவந்தவை. தமிழே அந்த மூலமொழி என்று கொள்வதற்குத் தடையாக நிற்பது தமிழின் சொற்களேதாம். செவி என்பதன் பழைய ஒலி ககரம் என்று மேலே கண்டோம்; அங்கே மூல வடிவத்தைக் காத்தது கன்னடம். ஆறு என்னும் எண்ணுப்பெயர் மத்திய இந்தியாவின் கோண்டி மொழியில் ‘சாருங்’. உப்பு அங்கே ‘சொவர்’. இல்லை என்பதன் இனச்சொல் அங்கே சகரத்தோடு ‘சில்லெ’ என்றும், சில வட்டாரங்களில் ‘ஹில்லெ’ என்றும் வழங்குகிறது. கோண்டி தானாகச் சகரத்தைச் சேர்த்துக்கொண்டது என்று சொல்ல முடியாது. எலி போன்ற சொற்கள் கோண்டியிலும் உயிரெழுத்திலேயே தொடங்குகின்றன. எந்தச் சொல்லுக்குச் சகரம், எந்தச் சொல்லுக்கு இல்லை என்பதற்கு அப்போது காரணமே இராது. ஆகவே பழைய சகரம் கோண்டியில் நின்றது, தமிழில் மறைந்தது என்பதே பொருந்தும். நீண்ட எழுத்து மரபோ பழைய இலக்கியமோ இல்லாத ஒரு மொழி, 2000 ஆண்டு இலக்கியம் உடைய தமிழிலும் அழிந்துபோன ஓர் ஒலியைக் காத்துவைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பழங்குடி மக்களின் மொழிகளை ஆவணப்படுத்துவது ஏன் தமிழாய்வுக்கும் இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மலையாளத்தின் நிலை வேறு. சேர நாட்டின் பழைய வழக்கும் பிற தமிழ் நாட்டு வழக்குகளும் சங்க காலத்தில் ஒரே இலக்கிய மொழியைக் கொண்டிருந்தன. மேற்கு மலைகளுக்கு அப்பால் பேச்சு தனியே வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டின் வாழப்பள்ளிச் சாசனம் போன்றவற்றில் அந்தத் தனிப்போக்கு தெரியத் தொடங்குகிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் வேறுபாடு மறைந்து எல்லாவற்றுக்கும் ‘வன்னு’ என்றே ஆனது அவ்வாறு வளர்ந்த மாற்றங்களுள் ஒன்று. இன்றைய தமிழும் மலையாளமும் ஒரே பழைய மொழிநிலையின் இரு கிளைகள் என்று சொல்வதே சரியாக இருக்கும்.

தமிழ் உலகின் மிகப் பழைய மொழியா?

இந்தக் கேள்வியில் மூன்று கேள்விகள் கலந்துள்ளன. அவற்றைப் பிரிக்காமல் விடை சொல்ல முடியாது. பேச்சு எப்போது தோன்றியது என்பது ஒன்று. எந்த மொழியும் திடீரென்று ஒருநாள் பிறப்பதில்லை. இன்று பேசப்படும் ஒவ்வொரு மொழியும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்ததுதான் என்பதால் அந்தப் பொருளில் எல்லா மொழிகளும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. எழுத்துச் சான்று எப்போது தொடங்குகிறது என்பது இரண்டாவது. அதில் சுமேரியமும் எகிப்தியமும் 5000 ஆண்டுகள் பழமையானவை. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் மிகப் பழைய மாங்குளம் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கீழடி அகழாய்வின் அடிப்படையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த எல்லையைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்கிறது. அறிஞரிடையே இது குறித்த விவாதம் தொடர்கிறது. மூன்றாவது, அறுபடாத தொடர்ச்சி. சுமேரியத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று யாரும் இல்லை. குறளைத் தமிழ் மாணவர் ஒருவர் உரையின் துணையோடு இன்று படித்து உணர்கிறார். தமிழின் உண்மையான தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மெய்ப்பிக்க முடியாத ஆண்டுக்கணக்குகளைச் சொல்லி வாதாடுவது நம் மொழிக்குச் செய்யும் தொண்டாகாது.

மூலத் திராவிடத்தின் வயதைப் பொறுத்தவரை, 2018இல் வெளியான ஒரு புள்ளியியல் ஆய்வு அதன் கிளைகள் ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின என்று கணித்தது. இது மதிப்பீடு; கல்வெட்டுச் சான்றுபோல் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொரிய மொழியில் ‘அம்மா’, ‘அப்பா’ இருக்கின்றனவே?

இருக்கின்றன. அவை உறவுக்குச் சான்றாகா. குழந்தை முதலில் எளிதாக எழுப்பும் ஒலிகள் இதழை மூடித் திறக்கும் ம, ப ஆகியவையும் அகரமுமே. அவற்றைப் பெற்றோர் தம்மை அழைப்பதாகக் கொள்வது உலகெங்கும் நடக்கிறது என்பதை மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, ‘தேதா’ என்றால் தாய் என்பதை நினைவில் கொண்டால் போதும். மொழி உறவை ஆராய்பவர் இவ்வகைச் சொற்களையும் ஒலிக்குறிப்புச் சொற்களையும் முதலிலேயே விலக்கிவிடுவர்.

ஒரு சொல் கடன்சொல்லா என்று எப்படி அறிவது?

சொல்லின் ஒலியமைப்பு முதல் தடயம். ட, ர, ல ஆகிய எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா என்பது தொல்காப்பியம் முதலே அறிந்தது. அதனால்தான் இராமன், இலங்கை என்று முன்னே ஓர் உயிரைச் சேர்த்து எழுதினர். வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தால் ஏற்க வேண்டும் என்று விதி வகுத்த தொல்காப்பியர், கடன்சொல் என்பது மொழிக்கு இயல்பானது என்று ஏற்றுக்கொண்டே விதி செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது தடயம் சொல்லின் குடும்பம். இனமொழிகள் பலவற்றிலும், குறிப்பாக மலைகளிலும் காடுகளிலும் வழங்கும் மொழிகளிலும், முறையான ஒலித்தொடர்போடு ஒரு சொல் இருந்தால் அது சொந்தச் சொல்லாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. மூன்றாவது, வரலாறு. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவை போர்ச்சுகீசிய மொழியின் ஜனெலா, சாவெ, அர்மாரியோ, மேசா என்பவற்றிலிருந்து வந்தவை. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார் என்பதால், இச்சொற்கள் அதற்கு முற்பட்ட எந்தத் தமிழ்நூலிலும் இருக்க முடியாது. ஒரு நூலில் இவற்றுள் ஒன்று வந்தால் அந்நூல் அந்த ஆண்டுக்கு முற்பட்டதன்று என்பது தெரிந்துவிடுகிறது. மிளகாய் என்னும் தூய தமிழ்ச் சொல்லும் அப்படிப்பட்டதே: அமெரிக்காவிலிருந்து அக்காலத்தில் வந்த காய்க்கு, உறைப்பால் மிளகை ஒத்ததால் இட்ட பெயர் அது.

தமிழிலிருந்து பிற மொழிகளுக்குச் சென்ற சொற்கள் எவை?

வடமொழியின் ‘மீன’, ‘நீர’ ஆகியவை திராவிடத்திலிருந்து சென்றவை என்பது பரவலாக ஏற்கப்பட்டது. ஆங்கிலத்தின் கட்டமரான் கட்டுமரத்திலிருந்தும், செரூட் சுருட்டிலிருந்தும், மல்லிகட்டாணி மிளகுத்தண்ணீரிலிருந்தும் போனவை, இவற்றில் ஐயமில்லை.

‘கேஷ்’ என்னும் சொல்லில்தான் சிக்கல். ரொக்கப் பணம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் காசிலிருந்து வந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். அது பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் ‘கப்சா’விலிருந்து, இத்தாலிய, பிரெஞ்சு வழியாக வந்தது, பணப்பெட்டி என்பது பணம் ஆயிற்று. ஆனால் இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு செப்புக்காசுகளை ஐரோப்பியர் ‘கேஷ்’ என்றே குறித்தனர். அந்தச் சொல் நம் காசு, போர்ச்சுகீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி ஆங்கிலத்துக்குச் சென்றது. வெவ்வேறு பிறப்புடைய இரண்டு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து சேர்ந்துவிட்டன. கிரேக்கத்தின் ‘ஒருசா’ அரிசியிலிருந்து வந்தது என்னும் கருத்தும் கால்டுவெல் காலம் முதல் சொல்லப்படுகிறது. வடமொழி ‘வ்ரீஹி’, ஈரானிய மொழியான பஷ்தோவின் ‘வ்ரிஜே’ ஆகியவற்றோடு அந்தக் கிரேக்கச் சொல் ஒலியளவில் நெருங்கி நிற்பதால், ஈரானிய மொழி ஒன்றின் வழியே அது சென்றது என்பதே இன்று வலுவான கருத்து.

ஒரு சொல்லின் பழைய பொருள்தான் அதன் சரியான பொருளா?

அல்ல. பழைய பொருள் பழைய காலத்துக்குச் சரி. நாற்றம் என்பது முன்பு எந்த மணத்தையும் குறித்தது. மொட்டுக்குள் இருக்கும் நறுமணத்தையும் வள்ளுவர் ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்’ என்கிறார். இன்று ஒருவரிடம் அப்படிச் சொன்னால் மனம் புண்படும். கழகம் என்பது குறளில் சூதாடும் இடம். கறி என்பது சங்கப் பாடல்களில் மிளகு: யவனரின் கலங்கள் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு பாடுகிறது. எண்ணெய் என்பது எள்ளின் நெய்; இப்போது தேங்காய் எண்ணெய் என்றும் மண்ணெண்ணெய் என்றும் தயக்கமின்றிச் சொல்கிறோம். வேர்ப்பொருளைக் காட்டி இன்றைய வழக்கைத் தவறென்பவர், தாம் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதே தவற்றைச் செய்துகொண்டே இருக்கிறார்.

பாகிஸ்தானில் திராவிட மொழி பேசுகிறார்களாமே?

ஆம், பலூசிஸ்தானில் பிராகுயி. அங்கே கண் ‘ஃகன்’, கல் ‘ஃகல்’, நீ என்பது ‘நீ’. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்கள் மட்டுமே திராவிடச் சொற்களாக எஞ்சியிருக்கின்றன, மற்றவை கடன். சொல்முதல் ககரம் உரசொலியாவது, வட இந்தியாவில் வழங்கும் திராவிட மொழியான குடுக்கிலும் காணப்படும் பண்பு. பிராகுயி மக்கள் தொன்றுதொட்டு அங்கேயே வாழ்ந்த திராவிடரின் எச்சமா, அல்லது நடு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்களா என்பதில் இரு தரப்பு உண்டு. பிராகுயியில் உள்ள ஈரானியக் கடன்சொற்கள் பெரும்பாலும் பிற்காலப் பலூச்சி மொழியைச் சேர்ந்தவை என்பது குடியேற்றக் கருத்தினரின் முதன்மையான வாதம்.

மனித மொழியே எப்படித் தோன்றியது?

மொழிகளை ஒப்பிட்டு ஒலித்தொடர்பு காணும், மேலே கண்ட ஒப்பியல் முறையால் அவ்வளவு தொலைவு செல்ல முடியாது. ஏறத்தாழ 8000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு அப்பால் சொற்கள் அடையாளம் தெரியாத அளவு தேய்ந்தும் மாறியும் போவதால், மெய்யான உறவையும் தற்செயலையும் பிரித்தறிய இயலாது. பாரிஸ் மொழியியல் கழகம் 1866இல் தன் விதிகளிலேயே, மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று எழுதிவைத்தது. இன்று உயிரியலும் தொல்மானிடவியலும் அக்கேள்வியை ஆராய்கின்றன. சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் அது வரவில்லை.

ஒரு தமிழ்ச் சொல்லின் வரலாற்றை நானே தேட வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில், 1924 முதல் வெளிவந்த தொகுதிகளில், அச்சொல்லின் பொருள்களையும் மேற்கோள்களையும் பார்த்து, எந்தப் பொருள் எந்தக் காலத்து நூலில் முதலில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை எடுங்கள்; 1984இல் வந்த அதன் திருத்திய பதிப்பில் 5500க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன, ஒவ்வொன்றின் கீழும் தமிழ் முதல் பிராகுயி வரை கிடைக்கும் இனச்சொற்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கின்றன. இரண்டு அகராதிகளும் இணையத்தில் கட்டணமின்றித் தேடக் கிடைக்கின்றன. தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தமிழ்நாடு அரசு அமைத்த இயக்ககத்தின் சொற்பிறப்பியல் அகரமுதலியையும் பார்க்கலாம். அதில் திரட்டப்பட்டுள்ள சொல்வளம் பெரிது. ஆனால் அது தரும் வேர்விளக்கம் ஒவ்வொன்றையும் இனமொழி வடிவங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்பே ஏற்க வேண்டும்.

தேடும்போது ஒரு சொல்லை அதன் பகுதி, விகுதி என்று முதலில் பிரியுங்கள். பிரித்த பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். வட்டார வழக்கில் அச்சொல் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் அகராதியில் ஏறாத பழைய வடிவம் அங்கே இருக்கக்கூடும். எல்லாம் பார்த்தும் வேர் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார்: ஒரு சொல் ஏன் ஒரு பொருளைக் குறிக்கிறது என்பதற்கான காரணம் பார்த்த அளவில் வெளிப்பட்டுத் தோன்றுவதில்லை.